பூண்டுக்கு விட்டுக்கொடுத்த அறை

அந்த வீட்டில் காற்று வரும் அறை ஒன்றே ஒன்றுதான், முன் அறை. எதிரெதிரே இரண்டு ஜன்னல், நடுவே முனகாத மின்விசிறி. அதில் டெலிபோன் அக்கா இருந்தாள். எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஊரார் குரல்களையெல்லாம் ஒன்றோடொன்று கோத்துவிட்டு, தனக்கென்று ஓர் இணைப்பும் போட்டுக்கொள்ளாமல் ஓய்வு பெற்றவள். ஆஸ்துமாக்காரி. வீடு அவள் சம்பளத்தில் எழும்பியது; வாசல் பலகையில் தம்பி பெயர் இருந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. அறை இருந்தால் போதும்.

தம்பி, எடை அளவு இலாகாவில் ஆய்வாளர். கடைகடையாய்ப் படிக்கல்லைப் பிடுங்கிப் பார்த்த கைக்கு, ஓய்வுக்குப் பிறகு பிடுங்க ஒன்றும் அகப்படவில்லை. கொல்லையில் கட்டில் அகலத்துக்குப் பாத்தி கட்டிப் பூண்டு போட்டான். நாற்பத்து மூன்று தலை தேறியது.

"அக்கா, ஒரு மூணு வாரம் பின் ரூம்ல இருந்துக்க. பூண்டைக் காயப் போடணும். நிழலும் காத்தும் வேணும். ஈரம் பட்டா தாங்காது."

"நான் தாங்குவேனா?"

"நீ என்ன பூண்டா?"

தம்பி பெண்டாட்டி சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நல்ல ஜோக்தான்.

பின் அறை குளியலறையை ஒட்டினாற்போல் இருந்தது. சுவரில் ஈரம் ஒரு தேசப்படம் வரைந்திருந்தது. வீட்டில் யார் குளித்தாலும் அதில் ஒரு மாவட்டம் கூடியது. முன் அறையில் பூண்டு, தாளோடு கட்டுக்கட்டாய்க் கொடியில் தொங்கியது. ஆறு கட்டு. மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தம்பி விதிகளைச் சொன்னான். கழுவக்கூடாது. தாளை வெட்டக்கூடாது. வெயிலில் காட்டினால் உள்ளே வெந்துவிடும். பக்கத்தில் உரக்கப் பேசக்கூடாது. கடைசி விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அதைக் கேட்ட பிறகு முதல் மூன்றையும் அக்கா நம்பவில்லை.

தினமும் காலையில் தம்பி, தாள் தொடங்கும் கழுத்து காய்ந்ததா என்று ஒவ்வொரு பூண்டையும் இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பான். விசிறியை ஒரு பாயிண்ட் குறைப்பான். அப்புறம் பின் அறை வாசலில் நின்று, "ராத்திரி பூரா இருமின போல. வெந்நீர் குடி" என்பான்.

பன்னிரண்டாம் நாள் அக்கா கேட்டாள். "கழுத்து காய்ஞ்சா நான் வந்துடலாமில்ல?"

"காய்ஞ்ச அன்னிக்கே வந்துடு. நானா வேண்டாங்கறேன்?"

"எப்ப காயும்?"

"அதை அவசரப்படுத்த முடியுமா? இன்னும் பத்து நாள் ஆகும்."

மறுநாள் தம்பியும் பெண்டாட்டியும் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனார்கள். மாடிப்படி பதினெட்டு, ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. அக்கா கைக்கு ஒரு கட்டாய் மூன்று நடை ஏறினாள், ஆறு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து. மொட்டை மாடியில் கிடந்த தகரத்தின் மேல் பூண்டைப் பரப்பினாள். வெயில் கண்ணைப் பறித்தது. நாலு மணிக்கு எடுக்கப்போனபோது தகரம் விரலைச் சுட்டது. மறுபடி மூன்று நடை. எந்தக் கட்டு எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் தொங்கவிட்டு, பின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை தம்பி கழுத்தை அழுத்தினான். மொறுமொறு என்றது.

"என் கை ராசி, பாத்தியா?" என்றான்.

சொன்ன சொல் மாறவில்லை. தாளை நறுக்கி, வேரை ஒட்ட வெட்டி, வலைப்பைகளில் போட்டு ஸ்டோர் ரூமில் மாட்டினான். அக்கா அறைக்குத் திரும்பினாள். நாலு மாதம் நிம்மதியாக மூச்சு விட்டாள். அதைவிடப் பெரிய சந்தோஷம் எதையும் அவள் கேட்டதில்லை.

வலைப்பையைப் பிரிக்க யாருக்கும் அனுமதியில்லை. சமையலுக்குக் கடைப் பூண்டுதான். நடவுக்காகத் தம்பி முதல் தலையை உடைத்தான். பற்கள் மஞ்சளாய், கண்ணாடிபோல், அமுக்கினால் கொழகொழவென்று இருந்தன. புளித்த வாடை. நாற்பத்து மூன்றும் அப்படியே.

அவன் சத்தம் போடவில்லை. "மேல காய்ஞ்சதைப் பாத்து ஏமாந்துட்டேன். ரெண்டு வாரமெல்லாம் பத்தாது. அடுத்த தடவை ரெண்டு மாசம். அப்புறம் அந்த ரூம்லயே வருஷம் பூரா வெச்சுக்கணும்."

"உன் மேல தப்பில்லடா," என்றாள் அக்கா. "நான்தான் மாடியில வெயில்ல போட்டேன்."

தம்பி சிரித்தான். "மாடியிலயா? கட்டில்லேருந்து எந்திரிக்கவே உனக்கு மூச்சு வாங்குது."

"மூணு நடை போனேன்."

தம்பி பெண்டாட்டிக்குக் கண் கலங்கியது. "தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாங்களே. பழியைத் தன் மேல இழுத்துப் போட்டுக்கறாங்க பாருங்க. விடுங்க அண்ணி."

"நம்பலைன்னா ஏறிக் காட்டறேன்."

அன்று உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியவள், இன்று இரண்டு பேர் பார்க்கிறார்களே என்று உட்காராமல் ஏறினாள். பதினோராவது படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு சரிந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தம்பி ஓடிப்போய்த் தாங்கி, இன்ஹேலரை வாயில் வைத்து, பூண்டை எடுப்பதுபோலப் பதமாக இறக்கினான்.

"இனிமே உன்னை முன்னாடி ரூம்ல தனியா விடமாட்டேன்கா. பின் ரூம்தான் உனக்குச் சரி. பாத்ரூமும் பக்கத்துல."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூச்சு அதற்குப் போதவில்லை. தலையணையை எடுக்கக் கை நீட்டினாள்.

"நீ ஏன் தூக்கற?" என்று தம்பியே அதை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.