அன்னக்கொடி கதவைத் தட்டுகிறார்

அன்னக்கொடி கதவை மூன்று முறை தட்டுகிறார். சற்று நிற்கிறார். "வரலாங்களா?" என்று கேட்கிறார். அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறக்கிறார். பூட்டு வெளியே தொங்குகிறது, சாவி அவர் இடுப்பில் இருக்கிறது, உள்ளே படுத்திருப்பவர் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் அது பிணவறை.

"பேச மாட்டாகங்கிறதுக்காக நாம பாட்டுக்குத் தொறந்துக்கிட்டுப் போயிர முடியுமா? ஒரு மட்டு மரியாதை வேணாமா?" என்பார்.

கொடைக்கானல் மலையில் ஓர் அரசு மருத்துவமனை. அங்கே பிரேதப் பரிசோதனைக்கு மருத்துவரின் கைக்கு உதவியாக நிற்பவர் இவர். வயது நாற்பத்தெட்டு, ஊர் பாச்சலூர். இரண்டு சுவெட்டர், அதற்கு மேல் ஒரு குரங்குக் குல்லா, அதற்கு மேல் மருத்துவமனை அங்கி என்று அவர் நடந்து வந்தால் பனியில் ஒரு மூட்டை உருண்டு வருவது போலிருக்கும். நான் எதிர்க் கட்டடத்தில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவன். என் ஜன்னலுக்கு நேரே அவர் கதவு. பதினோரு வருடமாக அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிணம், பிரேதம், பாடி எதுவும் அவர் காதில் விழக்கூடாது. "பாடி வந்தாச்சா?" என்று ஒரு முறை போனில் கேட்டுத் தொலைத்தேன். "பஸ்ஸுக்குத்தான் சார் பாடி கட்டுவாக. இவுகளுக்குப் பேரு இருக்கு. பேரச் சொல்லிக் கேளுங்க" என்று வைத்துவிட்டார்.

உள்ளே வேலை நடக்கும்போதும் பேச்சு ஓயாது. "கொஞ்சம் இப்படித் திரும்பிக்கிடுங்க... அம்புட்டுத்தான்... கையை மடக்காதீக." வெட்டிய இடத்தைக் கடைசியில் தைத்து மூடுவதும் அவரே. தையல் அவ்வளவு நேர்த்தி. சட்டையைப் போட்டுவிட்டால் சொந்தத் தம்பிக்குக்கூட எங்கே ஊசி ஏறியது என்று தெரியாது. ஆனால் தடுப்பூசி போட வந்தபோது இதே அன்னக்கொடியைப் பிடிக்க நான்கு நர்சுகள் தேவைப்பட்டார்கள். ஐந்தாவதாக என்னையும் கூப்பிட்டார்கள். "நான் குத்தினா யாருக்கும் வலிக்காது சார். நீங்க குத்தினா எனக்கு வலிக்குமில்ல?" என்றார். மறுக்க முடியாத வாதம்.

பிரேதப் பரிசோதனை என்றால் வெட்டுவது என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். வெட்டுவது அதில் கொஞ்சம்தான். முதலில் போலீஸ் விசாரித்து எழுதிய தாள் வர வேண்டும். பிறகு மருத்துவர் சும்மா சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். உடுப்பு, நகம், வாய், தோலின் நிறம், ஒரு சிராய்ப்புகூட விடாமல் அளந்து எழுதுவார். அதற்கு அப்புறம்தான் கத்தி. விஷம் என்று சந்தேகம் இருந்தால் இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் இவற்றில் துண்டு எடுத்து, இனி ஒரு கல் உப்பும் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கலந்த தண்ணீரில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உப்பைக் கரைக்கிற பொறுப்பு அன்னக்கொடிக்கு. "ஊறுகா போடுற பதம்தான் சார்" என்று அவர் எனக்கு விளக்கி ஆறு வருடம் ஆகிறது. நான் ஊறுகாயை விட்டும் ஆறு வருடம் ஆகிறது.

போன தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு பூம்பாறையிலிருந்து ஒரு பூண்டு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். திருமலைச்சாமி என்று வைத்துக்கொள்வோம்; உண்மைப் பெயரை எழுதக்கூடாது என்பது அன்னக்கொடியின் கட்டளை. ஐம்பத்திரண்டு வயது. பழனிக்கு மாலை போட்டு விரதத்தில் இருந்தவர். கொடைக்கானலில் பூண்டு மூட்டையைப் போட்டுவிட்டு மத்தியானப் பஸ்ஸில் ஊர் திரும்பியிருக்கிறார். இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நிழற்குடைக்குப் பின்னால் விழுந்து கிடந்திருக்கிறார், கழுத்தைப் பிடித்தபடி.

பிணவறை வாசலில் இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு மூலையில் நின்றார்கள். ஒருவர் இறந்தவரின் அக்கா சோலையம்மாள். கையில் ஒரு காலி டிபன் டப்பா. அதை யாரிடமும் கொடுக்கவில்லை. "இதுலதாங்க எலுமிச்சஞ்சோறு கட்டிக் குடுத்தா. காடு யாரு பேருக்குன்னு ஒரு மாசமாச் சண்டை. சோத்துல எதையோ கலந்துட்டா. எந்தம்பி மாலை போட்ட சாமிங்க!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். இன்னொருவர் மனைவி முருகேஸ்வரி. அவரைச் சுற்றி மட்டும் ஊர்க்காரர்கள் இடம் விட்டு நின்றார்கள். அந்த இடைவெளியை நான் ஜன்னலிலிருந்தே பார்த்தேன்.

கான்ஸ்டபிள் ராஜமுருகன் டப்பாவை ஒருவழியாக வாங்கி முத்திரை வைத்தார். அன்னக்கொடி வெளியே வந்து, "ஆரும் கத்தாதீக. உள்ள அண்ணன் இருக்காக" என்று சொல்லிவிட்டு, கதவைத் தட்டி, கேட்டு, திறந்து போனார்.

உள்ளே நடந்தது பிறகு அவர் சொல்லித் தெரிந்தது. டாக்டர் லாவண்யா வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். உடுப்பைப் பட்டியல் போடும்போது அன்னக்கொடி சட்டைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு விபூதிப் பொட்டலம். பஸ் டிக்கெட். காகிதத்தில் மடித்த கொஞ்சம் சோம்பு. ஒரு பல்குத்தி.

"விரதக்காரவுகளுக்குப் பல்குத்தி என்னத்துக்கு?" என்றார் அன்னக்கொடி.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அதையும் எழுதிக்கொண்டார்.

தலை, மார்பு, வயிறு என்று வரிசையாகத் திறந்தார்கள். கழுத்தைக் கடைசிக்கு வைப்பார்கள். இரத்தமெல்லாம் வடிந்த பிறகு பார்த்தால்தான் உள்ளே இருப்பது சுத்தமாகத் தெரியும். அங்கேதான் இருந்தது. மூச்சுக்குழல் வாயில், காற்று நுழைய வழியில்லாமல், இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு. டாக்டர் இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். வெள்ளாட்டுக் கறி. எலும்போடு. சரியாக மெல்லக்கூட இல்லை.

"அடப்பாவி மனுசா!" என்று அன்னக்கொடி வாய்விட்டுச் சொல்லிவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, திருமலைச்சாமியைப் பார்த்து, "மன்னிச்சுக்கிடுங்கண்ணே" என்றார்.

விரதத்தில் இருந்தவர் ஓட்டலில் கறியைப் பொட்டலம் கட்டி வாங்கி, ஊர்க்கண் படாமல் நிழற்குடைக்குப் பின்னால் நின்று, யாரோ வரும் சத்தம் கேட்டோ என்னவோ, அவசரமாக விழுங்கியிருக்கிறார். மிச்சத்தை நாய்கள் முடித்திருக்கும். ஆள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்ததைப் பார்க்க யாருமில்லை.

"சந்தேகம்னு எழுதிக் குடுத்திருக்காங்க, அதனால சாம்பிள் எல்லாம் லேபுக்குப் போகணும். ஆனா காரணம் இதுதான். மூச்சடைப்பு" என்றார் டாக்டர். (சில மாதம் கழித்து ஆய்வகமும் விஷம் இல்லை என்றே சொன்னது.)

அன்னக்கொடி உப்பைக் கலக்கியபடி கேட்டார்: "கறின்னு எழுதுவீங்களாம்மா?"

"எழுதித்தான் ஆகணும்க்கா."

"இங்கிலீஷ்லதானே?"

"ஆமா."

"அப்பச் சரிங்கம்மா."

தைத்து, குளிப்பாட்டி, தலை சீவி விட்டு வெளியே வந்தபோது வாசலே அவரைச் சூழ்ந்துகொண்டது. டாக்டர் வந்து, சாப்பிட்ட துண்டு மூச்சுக்குழலில் அடைத்ததால் மரணம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு எழுதப் போனார். சோலையம்மாள் விடவில்லை. அன்னக்கொடியின் சுவெட்டரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன துண்டு?"

"அது டாக்டரு சோலிங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எலுமிச்சஞ்சோத்துல துண்டு கெடையாது. அண்ணனைக் கொன்னது அந்த டப்பாச் சோறு இல்லை. எந்தச் சாமி முன்னாலயும் சூடம் அணைச்சுச் சொல்லுவேன்."

சோலையம்மாளின் கை தளர்ந்தது. கூட்டம் மெல்ல நகர்ந்தது. முருகேஸ்வரியைச் சுற்றியிருந்த இடைவெளியில் முதலில் ஒரு கிழவர் வந்து நின்றார். பிறகு இரண்டு பெண்கள்.

வண்டி ஏற்றும் சமயம் முருகேஸ்வரி தனியாக அன்னக்கொடியிடம் வந்தார். நான் மருந்து ஜன்னலை ஒருக்களித்து வைத்திருந்தேன், ஒட்டுக்கேட்டதை ஒப்புக்கொள்கிறேன்.

"கறிதானங்க?"

அன்னக்கொடி குல்லாவைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியும். மூணு நாளா வெள்ளனே குளிச்சுப்புட்டு, திருநீறு பூசிக்கிட்டு, பக்கத்து வீட்டு ஆட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு." முருகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் அப்படியே கோணி அழுகையானது. "முடியாட்டி மாலையைக் கழட்டிருங்கன்னு சொன்னேங்க. அக்கா வருத்தப்படும்னாரு. அதுதான் காணிக்கை முடிஞ்சு மாலை போட வச்சுச்சு, தம்பிக்கு நெஞ்சுவலி வரக்கூடாதுன்னு."

"அவுககிட்ட நான் ஒண்ணும் சொல்லலைத்தா."

"சொல்லிராதீக. எந்நாளும் சொல்லிராதீக. தன்னாலதான் போனான்னு அது செத்துரும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், வண்டியில் நாத்தனாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

பனி இறங்கி வண்டியை மறைத்தது. அன்னக்கொடி கைகளை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். வராந்தா பெஞ்சில் ராஜமுருகன் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து சாப்பிடாத மனிதர். டாக்டர் கையெழுத்துப் போடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பரோட்டாப் பொட்டலத்தை அவசர அவசரமாகப் பிரித்து, முழுசாக மடித்து வாய்க்குக் கொண்டுபோனார். அன்னக்கொடி அந்தக் கையைத் தட்டிவிட்டு, இலையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, பால்குடி மறந்த குழந்தைக்குப் பிய்ப்பது போல அந்தப் பரோட்டாவைப் பொடிப் பொடியாகப் பிய்த்து, இலையை அவர் முன்னால் நகர்த்திவைத்தார்.