அலுமினியப் பெட்டிக்கு அரக்கு முத்திரை

சங்கவியின் மேல் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது மூக்கின் வழியாகத்தான். கல்கத்தாவின் பெஹாலாவில் எங்கள் அடுக்குமாடியில் நான் இரண்டாவது மாடி, அவள் மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் மேலேயிருந்து ஒரு புகை வாசனை இறங்கும். சாம்பிராணியும் இல்லை, சமையல் தீய்ந்ததும் இல்லை. வாரத்துக்கு இரண்டு பார்சல் வேறு வரும், எல்லாம் உள்ளங்கை அளவு. ஒரு நாள் மாடிப்படியில் அவளை நிறுத்திக் கேட்டேவிட்டேன்.

"சால்டரிங் பண்றேன் காக்கு. ஈயம் உருகற வாசனை அது" என்றாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண், அதனால் எனக்கு மாமாவும் இல்லை, அங்கிளும் இல்லை, வங்காளிச் சித்தப்பா முறையில் காக்குதான். அவள் சொன்ன பதில் எனக்குப் போதவில்லை. எனக்கு எந்தப் பதிலும் போதாது. முப்பத்து நாலு வருஷம் மத்திய அரசுத் தணிக்கையில் இருந்தவன். இன்றைக்கு என்ன கிழமை என்று சொன்னால்கூட காலண்டரைக் காட்டு என்பேன் என்று என் மனைவி கமலம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

சங்கவிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அப்பா மாணிக்கம் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். அவள் சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கிற வேலை பார்த்தாள். அடுத்தவர் எழுதியதில் எங்கே தப்பு இருக்கும் என்று நாள் முழுக்கத் தேடுகிற வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு அவள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. சந்தேகம் போகவில்லை.

அலுவலகம் இல்லாத நாட்களில் அவள் மேடை ஏறுவாள். வீணை, வயலின் எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் ஒலிகளை உண்டாக்கி, அவற்றை அங்கேயே அடுக்கி வாசிப்பது. முந்தைய வருஷம் சால்ட் லேக்கில் ஒரு அரங்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் லேப்டாப் திடீரென்று தானாக ஏதோ அப்டேட் போட ஆரம்பித்துத் திரை உறைந்துவிட்டது. ஆனால் பாட்டு மட்டும் ஒன்றரை நிமிஷம் ஓடியது! அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அதை யாரோ வீடியோ எடுத்துப் போட, "ரெக்கார்டு போட்டுவிட்டு நடிக்கிறாள்" என்று ஊர் சிரித்தது. அந்த நிமிஷத்துக்கு முன் அவள் வாசித்த துண்டுதான் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது என்று அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. மூன்று இடங்களில் நிகழ்ச்சி ரத்தானது. அந்த வீடியோவை எங்கள் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் நான்தான். "கவனிக்கவும்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி. ஆபீஸ் மெயிலும் அப்டேட்டும் பார்க்கிற இயந்திரத்தை இனி மேடைக்குக் கொண்டுபோவதில்லை, ஒரே ஒரு வேலை தெரிந்த சின்னக் கம்ப்யூட்டரை நானே செய்துகொள்கிறேன் என்று இறங்கினாள். எட்டு மாதம் ஆனது. சாந்தினி மார்க்கெட்டில் வாங்கி வந்த பேட்டரி ஒவ்வொன்றையும் இரண்டு முழு நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே உள்ளே வைத்தாள். முடிந்தபோது அது அரைக்கிலோ சந்தேஷ் இனிப்பு டப்பா அளவில் இருந்தது. அலுமினியத் தகட்டை மடித்துச் செய்த கூடு. மேலே விரலால் தட்ட எட்டு ரப்பர் பொத்தான், திருக நாலு குமிழ், ஒரு துண்டுத் திரை. ஒலி உள்ளே போக ஒரு ஓட்டை, வெளியே வர ஒரு ஓட்டை. இரண்டு பக்கவாட்டிலும் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். அந்தத் துளைகளை நான் அலங்காரம் என்று நினைத்தேன்.

ஜனவரியில் சங்கத்தின் ஆண்டு விழா. அதில் வாசிக்க இடம் கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள். நிகழ்ச்சியை ரத்து செய்த அரங்கங்களில் ஒன்றின் பொறுப்பாளர் அபினவ் என்று ஒரு பையன், பத்துப் பேர் முன்னால் நிரூபித்துக் காட்டினால் மறுபடி கூப்பிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தானாம். பத்துப் பேர் என்ன, எங்கள் சங்கத்தில் சந்தேகப்பிராணிகள் இருநூறு பேர் இருக்கிறோம். கமிட்டியில் செயலாளர் ராமகிருஷ்ணன் உதட்டைப் பிதுக்கினார்.

"ஜம்பு, இது ரெக்கார்டு இல்லேன்னு யார் உத்தரவாதம் கொடுப்பா? நாளைக்கு நம்ம பேர்னா கெடும்?"

"நான் கொடுக்கறேன். பெட்டியைப் பரிசோதிச்சு, முதல் நாளே சீல் வெச்சு, என் கஸ்டடியில வெச்சுக்கறேன். மேடையில சீல் பிரியாம வாசிக்கட்டும்" என்றேன்.

விண்ணப்பத்தோடு வந்திருந்த சங்கவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியோடு கீழே வந்தாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தப் பாகம், எங்கே வாங்கியது, எதற்கு என்று இருபத்து மூன்று வரி எழுதி வாங்கி, ஒவ்வொன்றையும் டிக் அடித்தேன். மெமரி கார்டை என் பேரன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்ததில் பாட்டு ஒன்றும் இல்லை. அவளே மூடித் திருகினாள். அடுத்து நான் என் கலையைக் காட்டினேன். பழுப்புக் காகிதத்தை அகலப் பட்டைகளாகக் கிழித்து, பொத்தானும் குமிழும் திரையும் சொருகும் ஓட்டைகளும் மட்டும் தெரியும்படி, மூடிக்கும் கூட்டுக்கும் குறுக்கே நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டினேன். ஒவ்வொரு பட்டையிலும் குறுக்கே கையெழுத்து. மூலைக்கு ஒரு சொட்டு அரக்கு, அதன் மேல் என் பழைய பித்தளை முத்திரை. சர்வீஸில் எத்தனையோ அலமாரிக்குச் சீல் வைத்திருக்கிறேன், இத்தனை சுத்தமாக வைத்ததில்லை.

நான் பக்கவாட்டில் ஒட்டும்போது சங்கவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன என்று நிமிர்ந்தேன். "கிச்சு நா" என்றாள், ஒன்றுமில்லை என்று. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. இவள் எதையோ மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பெட்டியை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு விழா. பவானிபூரில் எடுத்திருந்த ஹாலில் ஜனவரிக் குளிருக்கு அஞ்சிப் பாதிப் பேர் குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசை ஓரத்தில் அபினவ் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். நான் மேடையிலேயே, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு அமர்ந்தேன். கஸ்டடி என்றால் கஸ்டடிதான்.

சங்கவி மைக்கில் கேட்டாள். "யார்கிட்டயாவது இருந்து ஒரு சத்தம் வேணும். எதுவா இருந்தாலும் பரவால்ல."

கமலம் இருக்கிறாளே, கையில் காபி டவரா டம்ளரோடு எழுந்து போய்விட்டாள். டம்ளரால் டவராவை ஒரு தட்டு தட்டினாள். ணங் என்றது. சங்கவி அதை மைக் வழியாகப் பெட்டிக்குள் வாங்கிக்கொண்டாள். உடனே பின்வரிசையிலிருந்து ராமகிருஷ்ணன் குரல், "கமலம் அந்தப் பொண்ணோட கீழ் வீட்டுச் சிநேகிதியாச்சே, முன்கூட்டியே பேசி வெச்சிருக்கலாமே?" எனக்கும் அதே நினைப்புதான் ஓடியது. கட்டின மனைவியை மேடையில் உட்கார்ந்து சந்தேகப்பட்டேன்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். அந்த ணங் ஒலியைக் கீழே இறக்கினால் கோயில் மணி, மேலே ஏற்றினால் கொலுசு. அதன் அடியில் ஒரு தாளம், பிறகு ஒரு ரீங்காரம், அதற்கும் மேல் இன்னொன்று. நான் இசையைக் கேட்கவில்லை. அவள் விரலையும் சத்தத்தையும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் விழாமல் எங்கே சத்தம் வருகிறது என்று பிடிக்கத்தான் அத்தனை கவனமும்.

பத்து நிமிஷம் போயிருக்கும். அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சடசடப்பு கேட்டது. ஒலி விட்டு விட்டு வந்தது. சங்கவி உள்ளங்கையைப் பெட்டி மேல் வைத்து, சட்டென்று எடுத்தாள். சபையில் யாரோ சிரித்தார்கள். அவள் கை பக்கவாட்டுப் பட்டையின் ஓரத்துக்குப் போனது. நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் பிரிந்துவிடும். அவள் என்னைப் பார்த்தாள். நானும் முறைத்துப் பார்த்தேன். பிரி பார்க்கலாம் என்று மனதுக்குள் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கையை எடுத்துவிட்டாள். தாளத்தை நிறுத்தினாள், சடசடப்பு கொஞ்சம் குறைந்தது. ரீங்காரத்தை நிறுத்தினாள். இன்னொன்றையும். பெட்டியின் பாரத்தை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்து கடைசியில் கமலத்தின் டம்ளர் மட்டும் மிஞ்சியது. அதை எட்டுப் பொத்தானில் பிரித்துப் போட்டு, தனியாக, நாலு நிமிஷம் விரலால் வாசித்தாள். பின்னால் ஓடுகிறது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. விரல் விழுந்தால் சத்தம், விழாவிட்டால் நிசப்தம். ஓரிடத்தில் தப்பாகத் தட்டி, அதையே மறுபடி தட்டிச் சரிசெய்தாள். நான் ஒத்துப் பார்ப்பதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

முடிந்ததும் ராமகிருஷ்ணன் மைக்கை என் கையில் திணித்தார். "சீல் பார்த்துச் சொல்லும் ஓய்."

பெட்டியைத் தொட்டேன், விரல் சுட்டது. மூலைகளில் அரக்கு இளகிப் பரவிக் கிடந்தது. முத்திரை எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு பட்டையின் முனை தானாகவே கழன்றிருந்தது. அதன் கீழே இருந்த துளைகளிலிருந்து சூடான காற்று என் விரலில் பட்டது. விஷயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மைக்கில் சொன்னேன். "முத்திரை கலைஞ்சிருக்கு. விதிப்படி செல்லாது." ஹாலில் சலசலப்பு. சங்கவி தலையைக் குனிந்துகொண்டாள். "கலைச்சது நான். காத்து வெளியே போற வழியெல்லாம் அடைச்சு ஒட்டிட்டேன். உள்ளே வெந்து போயிருக்கு. பக்கத்துல உக்காந்து பார்த்தவன் சொல்றேன், அவ வாசிச்சா. முன்னாடி குரூப்புல அந்த வீடியோ போட்டேனே, அதுவும் தப்பு."

முழுக்க நம்பினார்களா என்றால் இல்லை. "டம்ளர் விஷயம் இன்னும் உதைக்கறது" என்று ராமகிருஷ்ணன் இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் அபினவ் மேடைப்படியிலேயே அவளுக்குப் பிப்ரவரியில் ஒரு தேதி கொடுத்துவிட்டான்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நான் மேடையில் உட்கார்ந்து என் பட்டைகளை நானே பிரித்துக்கொண்டிருந்தேன். சங்கவி எதிரே தரையில் உட்கார்ந்து, ஆறட்டும் என்று பெட்டிக்கு நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"நேத்தே தெரியுமோன்னோ உனக்கு, ஓட்டை அடைபடறதுன்னு?"

"தெரியும் காக்கு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? எட்டு மாச உழைப்பாச்சேம்மா."

அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. கோபமும் இல்லை அவள் குரலில். "அந்தப் பக்கம் மட்டும் ஒட்டாதீங்கன்னு நான் சொல்லியிருந்தா, நீங்க என்ன நெனச்சிருப்பீங்க?"

நான் அடுத்த பட்டையைப் பிரித்தேன். அந்தப் பக்கத்தில்தான் இரண்டு பட்டை அதிகமாக ஒட்டியிருப்பேன்.