மகளும் நானும் எழுதிய கணிதத் தாள்

என் கணவர் இறந்த பிறகு, மகள் ‘அப்பா’ என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. செமிலிங் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்து. காலையில் வேலைக்குப் போனவரை மறுநாள் பெட்டியில் கொண்டுவந்தார்கள். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. சுங்கை லாலாங் தாமான் குடியிருப்பு வீட்டில் இருவரும் சோறு சாப்பிட்டோம், துணி துவைத்தோம், தொலைக்காட்சியை ஓடவிட்டோம். சாவுக்கு வந்த உறவுக்காரர்கள், இரண்டு பேருக்கும் நெஞ்சழுத்தம் என்று பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் ஒருமுறை ‘அப்பா’ என்று சொன்னால் போதும் என்று மட்டும் இருந்தது.

அவள் ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் அரசுத் தேர்வு எழுதும் ஆண்டு. மருத்துவமனைத் தாதியாக ஆசைப்பட்ட பிள்ளை. அதற்குக் கணிதத்தில் தேற வேண்டும். ஒரு நாள் புத்தகத்தை மூடினாள்.

“எஸ்பிஎம்ல கணக்குப் பேப்பர் எழுதப் போறதில்லம்மா.”

அழுகைதான் வரவில்லையே தவிர, கோபம் எனக்குத் தாராளமாக வந்தது.

“அந்தக் காலத்துல நான் ஃபேலான பேப்பர்தான். நானும் திரும்ப எழுதுறேன். யாரு பாஸுன்னு பாப்போம் லா!”

வீம்புக்குச் சொன்னது. சொன்ன வாய்க்காகத் தனித் தேர்வராகப் பதிந்துகொண்டேன். அவளும் மூடிய புத்தகத்தைத் திரும்பத் திறந்தாள்.

தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவோம். கேள்விகள் மலாய் மொழியில் இருக்கும். முதலில் தலைகால் புரியவில்லை. பிறகு பிடித்துப்போயிற்று. கணக்கு என்னிடம் “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்கவில்லை. வட்டத்தைத் தொடும் கோடு, அந்த இடத்தில் ஆரத்தோடு தொண்ணூறு பாகையில் நிற்கும். நேற்றும் அப்படித்தான், நாளைக்கும் அப்படித்தான். பையில் சிவப்புக் கோலி, நீலக் கோலி. சிவப்பு வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு? எது வந்தால் எனக்கென்ன என்று தோன்றும். ஆனாலும் பின்னத்தை ஒழுங்காகச் சுருக்கி எழுதிவிடுவேன்.

“மைனஸ விட்டுட்டம்மா.”

“எங்க?”

“மூனாவது வரில.”

மாதக்கணக்கில் எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். என் தவற்றை உடனே கண்டுபிடிப்பாள். தன் தாளை மட்டும் பாதியில் விட்டுவிட்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் மோட்டார் நிறுத்தும் இடம் அங்கேதான் இருந்தது. நான் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

இருவரின் தேர்வு முடிவும் என் கைப்பேசியில் வந்தது. எனக்கு டி, தேறிவிட்டேன். அவளுக்கு ஜி. தோல்வி. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். இரண்டு எழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்தாள். திடீரென்று சிரித்தாள்.

“அப்பா இருந்திருந்தா தாமான் பூரா சொல்லிச் சிரிச்சிருப்பாரும்மா. பொண்டாட்டி பாஸு, மக ஃபேலுன்னு.”

சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். வாய் கோணியது. “அப்பா, அப்பா” என்று அடிவயிற்றிலிருந்து கத்தி அழுதாள். பக்கத்து வீட்டு அக்கா பயந்துபோய்க் கதவைத் தட்டினார். நான் எழுந்து போகவில்லை. மகளின் அருகில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். என் கண் காய்ந்தே கிடந்தது. அவள் அழ அழ, அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.