மனுவில் நான் சேர்த்த வரி

திங்கட்கிழமை காலைகளில் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் எதிரே உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. போட்டது கடைக்காரர். நான் உட்கார்ந்தால் மனு கொடுக்க வருகிறவர்கள் நிற்பார்கள், நின்றால் நாலு நகலாவது எடுப்பார்கள் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். நான் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாராக ஓய்வு பெற்றவன். முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள் என்று அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும் மனிதர்களின் கோப்புகளோடு வாழ்ந்தவன். ஓர் அரசாணையின் எண்ணைச் சொன்னால், அதைத் திருத்திய அரசாணையின் எண்ணை நான் சொல்வேன். இந்தத் திறமைக்கு வீட்டில் வேலை இல்லை என்பதால் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

என் மனைவி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். "நானும்தான் ரிட்டயர் ஆனேன். தெருவுல போறவுகளுக்கெல்லாம் ஊசி போட்டுக்கிட்டா திரியுறேன்?" என்பாள்.

அப்போதுதான் உதவித்தொகைப் பட்டியலை மற்றப் பட்டியல்களோடு கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் காலத்தில் ஒரு விதவையின் பணத்தை நிறுத்த வேண்டுமென்றால் வருவாய் ஆய்வாளர் ஒருவர் பஸ் ஏறிப் போக வேண்டும், அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்க வேண்டும், திரும்பி வந்து ஒரு பக்கம் எழுத வேண்டும். தண்ணீரைக் குடித்தபின் பாதிப் பேருக்கு எழுத மனம் வராது. இப்போது அந்தத் தொல்லை கிடையாது. ஓர் ஆதார் எண் இரண்டு பட்டியலில் இருந்தால் பணம் தானாக நின்றுவிடும்.

அப்படி நின்றுபோன ஒருத்தி ஒரு திங்கட்கிழமை தாயில்பட்டியிலிருந்து வந்தாள். கணவனை இழந்தவள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பஸ் நிறுத்தத்திலிருந்து கடை வரை நடந்ததிலேயே இழுப்பு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு சீரான பிறகுதான் பேசினாள். கூட வந்தவள் தங்கை. தங்கையின் நகக்கண்களில் வெள்ளி நிறம் ஏறியிருந்தது. பட்டாசுக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். அலுமினியப் பொடி எந்தச் சோப்புக்கும் போகாது. அதைப் பார்த்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

"நாலு மாசமாப் பணம் வரல சார்," என்றாள் அக்கா. "பேங்க்ல கேட்டா தாலுகாபீஸ்ங்காக. தாலுகாபீஸ்ல கேட்டா கம்ப்யூட்டர்ங்காக. அது எந்தத் தெருவுல இருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக."

"அந்தப் பணத்துலதான் சார் மாத்திரையும் மூச்சு இழுக்குற மருந்தும் வாங்குது," என்றாள் தங்கை. "சாப்பாட்டுக்கு நான் பாத்துக்கிடுவேன். மருந்துக்குப் பத்தாது."

தாலுகா அலுவலகத்தில் என்னிடம் வேலை பழகிய உதவியாளர் ஒருவர் இருக்கிறார். போன் செய்து பென்ஷன் எண்ணைச் சொன்னேன்.

"பி.எப். பட்டியல்ல பேரு இருக்கு சார்," என்றார். "ஒரு பட்டாசுக் கம்பெனியில ஆறு வருஷமா வேலை பாக்கிறதா வருது. வேலையில இருக்கிறவுகளுக்கு ஆதரவற்ற விதவைப் பணம் எப்படி சார் போட? நீங்க சொல்லிக் குடுத்த விதிதான."

அது உண்மை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

போனை வைத்துவிட்டு அக்காவைக் கேட்டேன். "ஏம்மா, நீ பட்டாசு வேலைக்குப் போறியா?"

"நானா? வெடிமருந்து வாடை பட்டாலே எனக்கு நெஞ்சு அடைச்சிரும் சார். அவுக செத்த வருஷமே நின்னுட்டேன்."

"சத்தியமா?"

"எங்க தெருவுல யார வேணாலும் கேளுங்க."

தங்கை நாற்காலியின் பக்கம் குனிந்தாள். "சார், அது வந்து..."

"நீ இரும்மா. கேட்ட ஆளு பதில் சொல்லட்டும்."

விசாரணை நடத்துகிற அதிகாரிக்கு இந்தப் பழக்கம் இருக்கும்: கூட வந்தவரைப் பேச விடக்கூடாது. கூட வந்தவர்கள் பெரும்பாலும் புரோக்கர்கள். நான் ஓய்வு பெற்றது அந்தப் பழக்கத்துக்குத் தெரியவில்லை.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி என்றே சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கு வருகிற பத்து மனுக்களில் எட்டில் ஏதாவது ஓர் ஓட்டை இருக்கும். இது சுத்தமான வழக்கு. கம்ப்யூட்டர் சொல்வது பொய், எதிரே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் மெய். ஒரு முழுத்தாள் வாங்கி எழுதினேன். பொருள், பார்வை, பத்தி எல்லாம் அதனதன் இடத்தில். எழுதி முடித்த பிறகு, மனு சாதுவாக இருப்பதாகத் தோன்றவே, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். உரக்கப் படித்தும் காட்டினேன்.

"எனது ஆதார் எண்ணை வேறு எவரோ முறைகேடாகப் பயன்படுத்தி மேற்படி நிறுவனத்தில் பணிபுரிந்து வருவதாகத் தெரியவருவதால், அந்நபர் மீதும் உரிய விசாரணை மேற்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

தங்கை கேட்டாள். "அந்தக் கடைசி வரி வேணுமா சார்?"

"அதுதாம்மா மனுவுக்கே உயிரு. அது இல்லேன்னா குப்பையில போட்டுருவாங்க."

"படிச்சவுக எழுதுறாக, நீ சும்மா இரு," என்று அக்கா அதட்டிவிட்டுப் பெருவிரலை மைப்பெட்டியில் வைத்தாள்.

அவர்களிடம் நிலையான போன் எண் இல்லாததால் மனுவில் என் எண்ணையே கொடுத்தேன். பதிவுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று மதியம் வீட்டில் இரண்டு கரண்டி சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து இருவரும் வீட்டுக்கே வந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் விலாசம் கேட்டு வந்திருந்தார்கள். அக்காவால் பேச முடியவில்லை. என் மனைவி உள்ளே அழைத்துப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தாள்.

தங்கை வாசலிலேயே நின்றாள். "என்னைய கம்பெனிய விட்டு நிப்பாட்டிட்டாக சார்."

"உன்னை எதுக்கும்மா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை விளக்க எனக்கு விருப்பமில்லை.

"அக்கா பேர்ல பாத்தது நாந்தான சார். ஒங்க மனு கம்பெனிக்குப் போயிருக்கு. எவ அவ, காமிங்கன்னு கேட்டாகளாம். போர்மேன் என்னையக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போ தாயின்னுட்டாரு."

"அக்கா பேர்ல நீ ஏன்..."

"என் ஆதார்ல வயசு அறுபத்தாறு சார்."

அவளுக்கு ஐம்பதுக்குமேல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பிறகு சொன்னாள். ஊரில் ஆதார் முகாம் போட்டபோது, வயதைக் கூட்டிச் சொன்னால் முதியோர் பணம் சீக்கிரம் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தெருவே பத்து, பதினைந்து என்று கூட்டியிருக்கிறது. அக்காவுக்கு ஏற்கெனவே விதவைப் பணம் வந்துகொண்டிருந்ததால் அவள் மட்டும் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். ஆகவே காகிதத்தில் தங்கை அக்காவைவிட மூத்தவள். மேஜரான மகன் இருந்ததால் அவளுக்கு முதியோர் பணம் கிடைக்கவில்லை. அந்த மகனும் கல்யாணமாகித் தனியே போய்விட்டான். ஐம்பத்தெட்டு தாண்டியவர்களை பி.எப். பட்டியலில் சேர்க்க மாட்டோம் என்று கம்பெனியும் சொல்லிவிட்டது. "வேற ஆதார் இருந்தா கொண்டா" என்றிருக்கிறார் போர்மேன். அக்கா கொடுத்தாள். கல்யாணத்துக்குப் போகிறவளுக்குப் பட்டுச்சேலையை எடுத்துக் கொடுப்பது போலக் கொடுத்திருக்கிறாள்.

இந்த வயதுக் கூட்டல் எனக்குப் புதிதல்ல. பதவியில் இருந்தபோது நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஒரு தெரு முழுக்க ஒரே ஜனவரி முதல் தேதியில் பிறந்திருக்கும்.

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"சொல்ல வந்தேன். இரும்மான்னீங்க."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் வேலை பாக்கலன்னுதான சார் சொன்னேன். அது பொய்யில்லையே. பேரு குடுத்தியான்னு நீங்க கேக்கலயே."

அன்று மாலை வரை என் பழைய விதிப் புத்தகங்களைப் புரட்டினேன். கொடுத்த மனுவைத் திரும்பப் பெறலாம். ஆனால் முறைகேடு என்று எழுதிவிட்டால், மனுதாரர் வேண்டாம் என்றாலும் விசாரணை நடக்கும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், திரும்பப் பெற்றதோடு முடிந்திருக்கும். உள்ளதைச் சொன்னால் பணம் திரும்ப வரலாம். தங்கை ஆள்மாறாட்டம் செய்தவள், அக்கா அதற்கு உடந்தை என்று ஆகும். தங்கையின் ஆறு வருஷ பி.எப். யாருக்குமில்லாத பணமாகக் கிடக்கும். அக்காதான் வேலை பார்த்தாள் என்று எழுதிக் கொடுத்தால் விதவைப் பணம் ஒழிந்தது. தங்கையின் வயதைத் திருத்தலாம், பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அவள் பிறந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி உள்ளே மின்விசிறிக்குக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. எல்லா வழியும் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றும் எங்கே போய் முட்டும் என்பதும் தெரிந்தது.

என் மனைவி ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அக்காவின் முதுகில் வைத்துப் பார்த்தாள். "இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு தூசி இருக்கிற பக்கமே போயிராதீக," என்றாள்.

"சரிம்மா," என்றாள் அக்கா. அந்தச் சரியில் என்னவோ ஒன்று இருந்தது. தங்கைதான் போட்டு உடைத்தாள்.

"போர்மேன் சொல்லியனுப்பியிருக்காரு. விசாரணைக்கு ஆளு வருதாம். பட்டியல்ல பேரு யாரோ அவுக வந்து உக்காந்தா கம்பெனிக்குத் தொந்தரவு இல்லையாம். இவ போறேங்கா."

"நான் போகலேன்னா அடுப்பு எரியாது சார்," என்றாள் அக்கா. "இவளையும் வெளிய தள்ளிட்டாக. பெட்டி ஒட்டுற ரூம்தான், மருந்து ரூம் இல்ல. சீசன் முடியுற வரைக்கும் உக்காந்து எந்திரிச்சா போதும்."

"வேண்டாம்மா. இன்னொரு மனு எழுதித் தாரேன். நானே கலெக்டரைப் பாத்துச் சொல்றேன்."

தங்கை பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "எழுதினது போதும் சார்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பந்தியில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால் போதும் என்பார்களே, அப்படிச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகும் கலெக்டரைப் பார்க்கப் போனேன். அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் இருந்தேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் வரைவு எழுதிப் பார்த்தேன். எந்த வரைவிலும் இரண்டாவது வாக்கியத்தில் தங்கை குற்றவாளியாக வந்து நின்றாள். என் பெயரை அழைத்தபோது, பழைய பழக்கத்தில் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லி ஒரு வணக்கம் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

பத்து நாளில் என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. மனுதாரர் மேற்படி நிறுவனத்தில் பணிபுரிந்து வருவது நேரடி விசாரணையில் உறுதி செய்யப்பட்டதால் மனு நிராகரிக்கப்பட்டு முடிக்கப்பட்டது. விசாரணைக்குப் போன ஆய்வாளர் தன் கடமையைச் செய்திருக்கிறார். ஆதார் அட்டையில் இருந்த முகமும் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த முகமும் ஒன்றாக இருந்தன. அந்த இடத்தில் நான் இருந்தாலும் இதே வரியைத்தான் எழுதியிருப்பேன். கமாவைச் சரியான இடத்தில் போட்டிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை சிவகாசி போய் பஸ் மாறித் தாயில்பட்டியில் இறங்கினேன். மருந்துக்கடையில் என் மனைவி எழுதிக் கொடுத்ததையெல்லாம் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். செய்ய முடிந்தது அவ்வளவுதான். கம்பெனி வேன் வருகிற நேரம். பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிப் பேசிக்கொண்டே போனார்கள். அக்கா கடைசியாக இறங்கிப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தாள். தங்கை வீட்டிலிருந்து வந்து அவள் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். மூச்சு வரும்வரை கையைக் காட்டி நிற்கச் சொன்னாள். "வாங்க சார்," என்றாள் பிறகு. "எம்புட்டுத் தூரம் வந்திருக்கீக! காப்பி குடிச்சுட்டுத்தான் போகணும்."

வீட்டில் தங்கை காப்பி போட்டுக் கொடுத்தாள். டம்ளரை நீட்டிய கையில் நகங்கள் வெளுத்துச் சுத்தமாக இருந்தன. மருந்துப் பையைப் பிரித்துக்கொண்டிருந்த அக்காவின் விரல்களில் வெள்ளி இருந்தது.

"பெட்டி ஒட்டுறதுன்னு சொன்னியேம்மா," என்றேன்.

"அந்த ரூம்ல ஆளு கூடிப்போச்சு சார். மருந்து ரூமுக்கு வான்னாக. பேரு பட்டியல்ல எந்த ரூம்ல இருக்கோ அங்கதான உக்காரணுமாம்."

நான் காப்பியைக் குடித்தேன். சீனி அதிகம்.

"எல்லாம் இதோட முடிஞ்சிரும்ல சார்?" என்று தங்கை கேட்டாள். "இனி ஆபீஸ்லருந்து ஒண்ணும் வராதுல்ல?"

வேலையில் இருந்துகொண்டு வாங்கிய உதவித்தொகையை, வாங்கிய காலம் முழுவதற்கும் திரும்பப் பிடிக்க ஒரு விதி இருக்கிறது. ஆய்வாளரின் அறிக்கை தாலுகா அலுவலகத்துக்குப் போனதும் அந்தக் கடிதம் புறப்படும். அது எப்படி ஆரம்பிக்கும், எந்தப் பத்தியில் எத்தனை நாள் கெடு கொடுக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அந்தப் படிவத்தை வரைந்து கொடுத்தவன் நான்.

"வந்தா என்கிட்ட கொண்டு வாங்க," என்றேன்.

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்கென்ன சார், கொண்டாரோம்," என்றாள் அக்கா, என்னைச் சங்கடப்படுத்த விரும்பாமல்.