ஹார்ன் இல்லாமல் போன ரோஜா வண்டி

ஓசூரில் தகரக் கொட்டகையாக ஆரம்பித்து கான்கிரீட் போட்ட, வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் பட்டறை ஒன்று. கிருஷ்ணகிரியில் இன்னொன்று. அதற்கு மேலே மாடிவீடு. நாலாம் வகுப்போடு நின்றவன் கட்டியது இவ்வளவும். அன்றைக்கு மாமனார் எனக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார். இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்ளாத ஒன்று பாக்கி இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன், ஓசூரை அடுத்த தளிப் பக்கம் ரோஜா பயிரிடும் ஒரு பெண்மணி, சொந்தமாக மினி லாரி வாங்கினார். ஆயுத பூசைக்கு மறுநாள் முதல் லோடு. மதியத்துக்குள் பூ வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று பெங்களூர் வியாபாரி சொல்லியிருந்தாராம். ஊரில் நாலு பேர் தள்ளிக் கிளப்பிய வண்டி, என் பட்டறை வாசலில் வந்து அணைந்துவிட்டது.

"மறுபடி தள்ளிக்கலாம்ணா," என்றான் டிரைவர்.

"பெங்களூர்ல சிக்னலுக்குச் சிக்னல் எறங்கித் தள்ளுவியா?"

ரிலே பெட்டியைத் திறந்தேன். ஸ்டார்ட்டர், ஹார்ன் என்று ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தைத் திறந்துவிடும் குட்டி ஸ்விட்சுதான் ரிலே. ஒவ்வொரு ரிலேயின் தலையிலும் சந்தனம், குங்குமம்! பொட்டு வைத்துவிட்டு மூடியை அழுத்தி மூடவில்லை; மேலே தெளித்த மஞ்சள் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

"பொட்டு வெச்சது சரிம்மா. அபிஷேகம் எதுக்கு?"

"எல்லாத்துக்கும் வெச்சோம், அதுக்கு மட்டும் விடலாமாணா?" என்றார் லோடோடு கூடவே வந்திருந்த அந்தப் பெண்மணி. கண் பூக்கூடைகள் மேலேயே இருந்தது.

சாவியைத் திருப்பச் சொல்லி ஸ்டார்ட்டர் ரிலே மேல் விரலை வைத்தேன். உள்ளே 'டிக்' என்று ஒரு துடிப்பு தெரிய வேண்டும். இல்லை. டெஸ்ட் பல்பை வைத்தால் எரிகிறது. மின்சாரம் வருகிறது, ரிலேதான் செத்துவிட்டது. என்னிடம் அந்த ரகம் இருப்பு இல்லை. பக்கத்திலேயே அதே ரகத்தில் ஹார்ன் ரிலே. பிடுங்கினேன், குழியைத் துடைத்து உலர்த்தினேன், மாற்றிச் செருகினேன். விரலுக்குக் கீழே 'டிக்'. வண்டி உறுமியது.

"ஹார்ன் இல்லாம எப்படிணா போறது?" என்றான் டிரைவர்.

"பெங்களூரே ஹார்ன் அடிச்சுக்கிட்டு நிக்குது. உன்னுது ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியும்? பாத்துப் போங்க. திரும்பி வர்றப்ப புது ரிலே வாங்கி வெச்சிருக்கேன்."

பூ வாடாமல் போய்ச் சேர்ந்தது. வியாபாரி மறுநாளும் கேட்டார். இன்று அந்தப் பெண்மணிக்கு நாலு வண்டி, அஞ்சாவது வரப்போகிறது. நன்றாக வரட்டும், இன்னும் பத்து வரட்டும். ஆனால் ஒரு வண்டியின் பின்னால் 'குலதெய்வம் துணை', இன்னொன்றில் 'அப்பாவின் ஆசி'. நான் எங்கே?

கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தவன்கூட வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' என்று எழுதிக்கொள்கிறான். அஞ்சாவது வண்டியின் பின்பக்கம், சிவப்புப் பெயிண்டில், என் பெயரோடு 'முதல் ரிலே உபயம்' என்று எழுத வேண்டும். பின்னால் வருகிற பஸ்காரன் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தாக.