கல் நட முடியாத ஏரி

நடேசனைப் போல நிலத்தை நம்பிய மனிதரை நான் பார்த்ததில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாலுகா சர்வே பிரிவில் முப்பத்தொரு வருடமாகச் செயின்மேன். சர்வேயர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனையைப் பிடிப்பவர் அவர்தான். முள்ளை வெட்டுவது, கல் நடுவது, அளக்க வந்த இரண்டு தரப்பும் அடித்துக்கொள்ளாமல் நடுவில் நிற்பது எல்லாம் அவர் வேலை. ஒரகடத்தில் இன்று வரிசையாகத் தொழிற்சாலைகள் நிற்கிற பூமியில் பாதி அவர் வெயிலில் நடந்து அளந்தது. "கட்டடம் வரும், பூடும். கல்லு அப்டியே நிக்கும் சார்" என்பார்.

நான் அதே அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன், இராமச்சந்திரன். மின்விசிறி சரியாகச் சுற்றாத அறையில் எரிச்சலோடு உட்கார்ந்திருப்பவன். எதற்கும் சுலபத்தில் அசர மாட்டேன். ஆனால் போன ஆவணி மாதம் நடேசன் வாயைப் பிளந்துகொண்டு வந்து நின்றதைப் பார்த்து நானும் கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

"சார், நெலம் மெதக்குது சார்" என்றார்.

அவர் வீட்டு மாடியில் லின்தோய் என்ற மணிப்பூர்ப் பெண் கணவனோடு குடியிருக்கிறாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஆறு வருடத்தில் நம்மைவிட நன்றாக மெட்ராஸ் தமிழ் பேசுகிறாள். அவள் ஊர் லோக்தாக் ஏரிக்கரை. அந்த ஏரியில் புல்லும் வேரும் மண்ணும் பின்னிப் பின்னி ஆளுயரக் கனத்துக்குத் தீவுகளாகித் தண்ணீரில் மிதக்கின்றன. அதன்மேல் குடிசை போட்டு மீன் பிடிக்கிறார்கள். ஒரு பக்கம் மான்கூட மேய்கிறது. அவள் அம்மா அனுப்பிய வீடியோவை நடேசன் என் மேசைமேல் வைத்து ஓட்டினார். ஒருவன் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுகிறான். அடுப்புப் புகையோடு ஒரு வீடு, வாசல், கொடியில் காயும் துணி, எல்லாம் சேர்ந்து நகர்கிறது.

மூன்றாவது தடவை ஓட்டும்போது நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. அளவுக்குப் போன இடத்தில் டேப்பைப் பிடித்தபடி நின்று, காலால் தரையை ஓங்கி மிதித்துப் பார்ப்பார். "இது அசையாது சார். அது அசையுது. ரெண்டும் நெலந்தானே?" மணிமங்கலம் ஏரியில் ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று காற்றில் நகர்ந்தது. அதன்மேல் ஒரு கொக்கு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் வண்டியை எடுக்காமல் நின்ற மனிதர் இவர். சர்வேயர் என்னிடம் வந்து, ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஐப்பசி கடைசியில் நடேசனுக்குப் பணி ஓய்வு. அதற்கு மறுவாரமே ஏரிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டார். மழை முடிந்து ஏரி நிரம்பியிருக்கும் நேரம் அது என்று லின்தோய் சொல்லியிருந்தாள்.

முடிவு செய்வது சுலபம். நடேசன் திருப்பதியைத் தாண்டியதில்லை. அந்த மாநிலத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அதை நான் கணினியில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். அங்கே கலவரம் நடந்த செய்தியெல்லாம் பார்த்திருந்தோம். லின்தோய் தன் அம்மாவிடம் கேட்டு, போகலாம் என்ற பிறகுதான் டிக்கெட் எடுப்பது என்று பேச்சு. நடேசனின் மனைவி சுந்தராம்பாளுக்கு முழங்கால் வலி. "நான் வரல. நீயும் தனியா போக்கூடாது. பாஷ தெரியாம எங்கனா பூட்டன்னா நான் எங்க வந்து தேடுவேன்?" என்று தீர்த்துவிட்டார்.

வழியும் இந்தியும் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். நடேசனின் தம்பி வெங்கடேசன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கார் ஏற்றிக்கொண்டு குவாகாத்தி வரை இருபது வருடம் லாரி ஓட்டியவர். இப்போது மணிமங்கலத்தில் இரண்டு மாடு வைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணனும் தம்பியும் பேசிப் பதினொரு வருடம் ஆகிறது.

"போய்க் கூப்பிடுங்களேன். எத்தனை நாளைக்கு இந்த வீம்பு?" என்றேன்.

நடேசன் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டின்போது டப்பாவைத் திறக்காமலே பேசினார்.

"லின்தோய் கிட்ட கேட்டேன் சார். அங்க எல்லக்கல்லு எங்க நடுவாங்கன்னு. சிரிக்குது அந்தப் பொண்ணு. கல்லே கெடையாதாம். காத்தடிச்சா ஒர்த்தன் எடம் நகந்து இன்னொர்த்தன் வாசல்ல போய் நிக்குமாம். அவனே வந்து சொல்லுவானாம், உன் எடம் எங்கிட்ட நிக்குது, வந்து இட்டுகினு போன்னு." டப்பாவைத் தள்ளி வைத்தார். "அவனே வந்து சொல்றான் சார்."

பிறகு சொன்னார். பதினொரு வருடத்துக்கு முன்னால் அப்பா நிலத்தை இரண்டாகப் பிரித்தபோது ஊரே கூடி நின்றது. அளந்தது நடேசன். எடுத்துப்போனது அலுவலகத்தின் பழைய டேப். அதில் முதல் மீட்டர் அறுந்து போயிருக்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முனையைப் பிடிப்பவர் ஒன்றாம் எண்ணில் வைத்து "ஒன்னு!" என்று கத்துவார். மறுமுனையில் படிப்பவர் ஒன்றைக் கழித்துக்கொள்வார். அன்று முனையைப் பிடித்த நடேசன் கத்த மறந்தார். மறுமுனையில் இருந்தவர் வெளியாள், முப்பது என்று படித்தார். தம்பி பங்கு முப்பது மீட்டர் என்று எழுதப்பட்டது. உண்மையில் இருபத்தொன்பது.

வெங்கடேசன் காலால் அளந்து பார்த்துவிட்டு, குறைகிறது என்றார். நடேசனுக்குக் கோபம் வந்தது. "இருபது வருஷமா அளக்கறவன் நான். லாரி ஓட்டறவன் எனக்குச் சொல்றியா?" என்று ஊர் முன்னால் கேட்டார். ஊர் சிரித்தது. அண்ணன் சொத்துக்கு அலைகிறவன் என்ற பேர் வெங்கடேசனுக்கு நின்றுவிட்டது.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அடுத்த மாசமே. அதே டேப்பக் கையில எடுத்தப்போ. ஆனா சொல்ல வாய் வரல சார்."

அந்த நிலம் இப்போது இல்லை. இருவரும் விற்று, அதன்மேல் ஒரு கிடங்கு நிற்கிறது. அந்த ஒரு மீட்டரைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது, அவர்மேல் மட்டுமில்லை. அந்த டேப்பை மாற்றச் சொல்லி நான் ஒரு மனுவாவது எழுதியிருக்கலாம்.

மறுநாள் மாலை அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து மணிமங்கலம் போனேன். வெங்கடேசன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நடேசன் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"ஏரிக்குத் தொணைக்கு ஆள் தேவப்பட்டுச்சி. அதான் இப்ப ஒத்துக்கிற" என்றார் வெங்கடேசன்.

"ஏரிக்குத்தான் வந்தேன். இத்த வெச்சிகினு உன்னக் கூப்ட முடியல."

வெங்கடேசன் வாளியைக் கீழே வைத்தார். "கொறையுதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? உன் பேச்ச நம்பி சிரிச்சாங்களே, அவுங்ககிட்ட போய் சொல்லு." பால் கேனை எடுத்து வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் ஊர் முழுக்கப் பால் சொசைட்டி வாசலில்தான் நிற்கும். நடேசன் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பியதும் நான் அவர் தோளைப் பிடித்தேன். "வேண்டாம் நடேசன். ஓய்வுக்கு ரெண்டு மாசம் இருக்கு. நீங்க தப்பா அளந்தேன்னு சொன்னா நாளைக்கு இந்த ஊரே மனுவோட வரும். முப்பத்தொரு வருஷப் பேரும் போயிடும்."

"தெரியும் சார்" என்றார். வண்டியை நிறுத்தவில்லை.

வரிசையில் முப்பது பேர் இருந்தார்கள். சொசைட்டி செயலாளர் கோபால் அளவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். நடேசன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "எங்க பாகத்துல நான் அளந்தது தப்பு. எந்தம்பிக்கு ஒரு மீட்டர் கொறஞ்சிது. அவன் சொன்னதுதான் நெஜம். அவனப் பொய்க்காரன் ஆக்கனது நான்" என்றார். எல்லோருக்கும் கேட்டது.

பின்னாலிருந்து ஒருவர், "அப்போ எங்க வூட்டு அளவும் இந்த லட்சணந்தானா?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"சந்தேகம் இருந்தா மனு போடுங்க. நானே வந்து முனையப் புடிக்கறேன்" என்றார் நடேசன்.

வரிசையில் நின்ற வெங்கடேசன் தலையைத் திருப்பவில்லை. முறை வந்ததும் பாலை ஊற்றினார், சீட்டை வாங்கினார், கேனைக் குழாயில் நிதானமாகக் கழுவினார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நடேசன் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினார்.

"ண்ணா."

திரும்பினோம். வெங்கடேசன் சொசைட்டி வாசலில் அத்தனை பேர் நடுவிலும் நின்றுகொண்டு சத்தமாகவே கேட்டார்.

"கார்த்திகைல அங்க குளுரும். சொட்டரு கீதா உங்கிட்ட?"

நடேசன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எங்கிட்ட ரெண்டு கீது" என்றார் வெங்கடேசன்.