கருடன் காட்டிய இடம்

தூத்துக்குடியிலிருந்து வந்த சண்முகவேல், ராயபுரத்தில் கப்பல்களுக்குக் காய்கறி போட்டுக்கொண்டே சொந்தக் கடைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். 1951இல் ஒரு கப்பலில் மெக்சிகோ மாலுமி ஒருவனின் மார்பில் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்தார். கள்ளிச்செடியின் மேல் ஒரு கழுகு பாம்பைக் கவ்விக்கொண்டிருந்தது. சண்முகவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நம்ம கருடன்லா!"

அரைகுறை இங்கிலீஷில் அவன் கதை சொன்னான். ஊரில்லாமல் அலைந்த அவனுடைய முன்னோர்களான அஸ்டெக்குகளை, இப்படியொரு கழுகைக் காணும் இடத்தில் குடியேறும்படி அவர்கள் சாமி சொன்னதாம். கருடன் வட்டமிட்ட இடத்தில் எழுந்ததாகச் சொல்லும் சொந்த ஊர்க் கோயில் சண்முகவேலுக்கு நினைவு வந்தது.

சில வாரங்களில், எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் கள்ளிப்புதர் மேல் ஒரு பருந்து பாம்பைக் கொத்துவதைப் பார்த்துவிட்டார். யாரையும் விசாரிக்காமல் அங்கேயே மளிகைக்கடை கட்டினார். ஐப்பசி மழையில் கழிமுகத் தண்ணீர் வாசல் வரை ஏறியது.

"இடத்தக் காட்டின சாமி, தண்ணி வரும்னு சொல்லலையாக்கும்?" என்றாள் மனைவி ஜெயக்கொடி.

மறுபடி வந்த மாலுமியிடம் முறையிட்டார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அஸ்டெக்குகளுக்குக் கழுகு காட்டியதும் ஏரி நடுவில்தானாம்; சந்தைக்கே படகில்தான் போவார்களாம்.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா?"

கடையை விற்க ஆள் தேடினார். அதற்குள் மீனவர்கள் படகோடு வாசலுக்கே வரத் தொடங்கினார்கள்.

"அண்ணாத்தே, எறங்கவே தேவயில்ல. பருப்பை இப்டியே குடு!"

இதற்காகவே கருடன் இடம் காட்டியதாக சண்முகவேல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஜெயக்கொடி மறுக்கவில்லை. படகு கட்ட வாசலில் ஒரு முளை அடிக்கச் சொன்னாள்.